நத்தார்ப் பலகாரமும் நம்மவர் உடல்நலமும்

ஜேர்மனியின் பெருங்கடைகளில் நத்தார் இனிப்புப் பண்டங்கள் புரட்டாதி மாதத்திலேயே வந்து குவிந்துவிடுகின்றன. லேப்கூகன், ஸ்பெக்குலாற்சியுஸ், ஸ்ரொலன், சொக்கலேற்றில் வார்த்த நிக்கொலவுஸ் உருவங்கள் என்பன கோடை வெயில் முற்றாக மறையுமுன்பே காசாளர் மேசைக்கு அருகில் அடுக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். மார்கழி பிறந்ததும் இவை கடையைவிட்டு வெளியேறி எங்கள் வாழ்க்கைக்குள் நுழைகின்றன. வேலைத்தலத்தில் ஒரு தட்டு, பாலர் பாடசாலையில் ஒரு பை, 6ஆம் திகதி காலையில் பிள்ளைகளின் சப்பாத்துக்குள் ஒரு பிடி, வைத்தியரின் வரவேற்பு மேசையிற்கூட ஒரு கிண்ணம். இவற்றுக்கு மேலாக எம்மவர் கடைகளில் வாங்கும் மிக்சர், முறுக்கு, தொதல், கச்சான் அல்வா. நான்கு வாரங்களில் ஒரு குடும்பம் உட்கொள்ளும் சீனியையும் கொழுப்பையும் எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. தை மாதத்தில் இரத்தப் பரிசோதனை முடிவு வரும்போதுதான் கணக்குத் தெரியவருகிறது.

1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் இருபது, இருபத்தைந்து வயதில் இந்நாட்டில் வந்திறங்கியவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். இரவுநேர வேலை, தொழிற்சாலை, உணவகச் சமையலறை, துப்புரவுப் பணி என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த உடல்கள் அவை. நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்திரோல் ஆகிய மூன்றில் ஒன்றேனும் எட்டிப்பாராத தமிழ் வீடு அரிதாகி வருகிறது. தெற்காசிய மக்களுக்கு நீரிழிவு ஐரோப்பியரிலும் இளவயதிலேயே, ஐரோப்பியரிலும் குறைந்த உடல்நிறையிலேயே வந்துவிடுகிறது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. இதன் காரணமாகவே சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் எம்போன்றோருக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையை ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் எனவும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எனவும் வகுத்துள்ளது. ஐரோப்பிய ஆண்களுக்கு அவ்வெல்லை 94 சென்ரிமீற்றர். ஆகவே அயல்வீட்டு ஜேர்மனியர் உண்பதைப் பார்த்து நாமும் உண்ணலாம் என எண்ணுவது எமக்குப் பொருந்தாத கணக்கு.

இங்கே எம்மிடையே நிலவும் ஒரு பழக்கத்தைக் கண்டித்தே ஆகவேண்டும். "இன்றைக்குக் கொண்டாட்டந்தானே, ஒரு குளிசையைக் கூடப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம்" என்று பெரியவர்கள் சொல்வதை எத்தனை விருந்துகளிற் கேட்டிருக்கிறோம்! நீரிழிவுக் குளிசைகளுட் சில, அளவுக்கு மிஞ்சினால் இரத்தத்திலுள்ள சீனியை ஆபத்தான மட்டத்துக்கு இறக்கிவிடக்கூடியவை. பலகாரம் சாப்பிட்டு இரண்டு, மூன்று மணித்தியாலங்களின் பின்னர், நள்ளிரவுப் பூசையிலோ உறக்கத்திலோ மயக்கம் வந்தால் அருகில் இருப்பவருக்கும் காரணம் விளங்காது. வைத்தியரைக் கேளாமல் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பலகாரத்தையே நிறுத்திவிட்டால் என்ன எனச் சிலர் கேட்கின்றனர். இக்கட்டுரையாளருக்கு அதில் உடன்பாடில்லை. பாசையூரிலும் குருநகரிலும் இளவாலையிலும் மன்னாரிலும் நத்தார் என்பது பாலன் குடிலும் நள்ளிரவுப் பூசையும் மட்டுமன்று. பூசை முடிந்து வீடு திரும்பியதும் திறக்கப்படும் பலகார ரின்னும், விடிந்தபின் துணியால் மூடி அயலுக்கு அனுப்பப்படும் தட்டும் அதன் பகுதிகளே. அத்தட்டு சைவ வீட்டுக்குப் போகும். தைப்பொங்கலன்று அங்கிருந்து பொங்கல் திரும்பி வரும். அகதியாக வந்தபின்பும் அந்த உறவு அறுந்துவிடவில்லை. ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில் கேவலார் மாதாவின் தலத்துக்குச் செல்லும் தமிழர் கூட்டத்திற் சைவர்களும் பெருந்தொகையாக இருப்பதை யாவரும் அறிவர். மார்கழி சைவர்களுக்கும் வெறுமையான மாதமன்று. பிள்ளையார் பெருங்கதையும் திருவெம்பாவையும் இப்பருவத்தை ஒட்டியே வருகின்றன. இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு எமது ஊர் என்பது பெரும்பாலும் சொல்லக்கேட்ட கதை. வாயிற் சுவைத்து அறியக்கூடிய ஊர் பலகாரத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதையும் பறித்துவிட்டால் கடைச் சொக்கலேற் அவ்விடத்தை நிரப்பிவிடும். சீனி குறைந்தபாடாக இராது.

இந்நாட்டவரின் பண்டங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் முற்காலத்தில் ஒறுத்தற் காலமாக இருந்தது. அக்காலத்தில் வெண்ணெய் சேர்ப்பது திருச்சபையால் விலக்கப்பட்டிருந்தமையால் ஸ்ரொலன் எண்ணெயிலே பிசையப்பட்ட, சுவையற்ற ஒரு பாணாகவே இருந்ததாம். சக்சனி நாட்டு இளவரசர்கள் பாப்பரசருக்கு விண்ணப்பித்ததன் பேரில் 1491ஆம் ஆண்டு பாப்பரசர் எட்டாம் இன்னொசென்ற் வெண்ணெய் சேர்க்க அனுமதி வழங்கினார். அந்த மடல் இன்றும் "வெண்ணெய்க் கடிதம்" என்றே அழைக்கப்படுகிறது. நோன்புப் பாண் விருந்துப் பாணாகியது அப்போதுதான். இன்று அது புரட்டாதியிலேயே விற்பனைக்கு வந்துவிடுகிறது. நோன்பு மட்டும் காணாமற் போய்விட்டது.

ஆகவே செய்ய வேண்டியது பலகாரத்தைத் துறப்பதன்று, செய்யும் முறையையும் அளவையும் மாற்றிக்கொள்வதே. எமது பழைய பலகாரங்கள் பலவற்றின் அடிப்படை எள், பயறு, உழுந்து, கடலை, குரக்கன், தவிட்டரிசி மா முதலியன. கோதுமை மாவையும் வெள்ளைச் சீனியையும் மாஜரினையும் அடிப்படையாகக் கொண்ட கடைப் பண்டங்களைவிட இவை எவ்வளவோ மேலானவை. கெடுத்துவிடுபவை இரண்டு: கொதிக்கும் எண்ணெயும், கணக்கின்றிக் கொட்டும் சீனியும்.

முதலிற் சீனியைப் பற்றி. பனங்கட்டியோ சர்க்கரையோ தேனோ சேர்த்தால் நீரிழிவுக்காரர் தாராளமாக உண்ணலாம் என்றொரு நம்பிக்கை எம்மிடையே வேரூன்றியுள்ளது. இது தவறு. பனங்கட்டியில் மணமும் சிறிதளவு தாதுப்பொருளும் உண்டு. எஞ்சிய பெரும்பகுதி சீனியே. உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, உணவிற் சேர்க்கப்படும் சீனி ஒருவரின் அன்றாடச் சக்தித் தேவையிற் பத்து வீதத்துக்கு உட்பட்டதாக, அதாவது ஏறத்தாழ 50 கிராமுக்குள் இருக்கவேண்டும். 25 கிராமுக்குள் இருப்பது இன்னும் சிறந்தது. தேனும் சர்க்கரையும் இக்கணக்கில் அடங்கும். 25 கிராம் என்பது ஆறு தேக்கரண்டி. காலைத் தேநீரில் இரண்டு கரண்டி போடுபவருக்கு எஞ்சுவது நான்கு. பனங்கட்டியை அதன் சுவைக்காகப் பயன்படுத்துங்கள்; அதன் மணம் கடுமையானதாகையால் சீனியிலும் குறைவாகவே போதும். அதுதான் அதனால் வரும் உண்மையான நன்மை.

பொரிக்காத பலகாரங்கள்

எள்ளுப்பாகு என்றும் எள்ளுருண்டை என்றும் நாம் அழைப்பதற்கு எண்ணெய் ஒரு துளியும் வேண்டியதில்லை. எள்ளே தன் எண்ணெயைத் தரும். தோல் நீக்காத எள் 500 கிராமைக் கழுவி, மண் அரித்து, நன்றாக உலரவிட்டு, மெல்லிய சூட்டில் வெடிக்கும்வரை வறுத்துக்கொள்ளவும். வறுத்த உழுத்தம்மா 100 கிராம். வழக்கமாக எள்ளின் அளவிற் பாதியோ அதற்கு மேலோ சர்க்கரை சேர்ப்பார்கள். 100 கிராம் பனங்கட்டியும் விதை நீக்கிய பேரீச்சம்பழம் 100 கிராமும் போதுமென்பதைச் செய்து பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள். உரலும் உலக்கையும் இங்கு ஏது? அரைக்கும் இயந்திரத்திற் செய்வோர் விட்டுவிட்டு அரைக்கவேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறி எள் களியாகிவிடும். எண்ணெய் கசிந்து கையிற் பளபளக்கத் தொடங்கும் பதத்தில் நிறுத்தி உருட்டவும். இவ்வளவில் 40 உருண்டைகள் வரும். ஒன்றில் ஏறத்தாழ 100 கலோரி உண்டு. எள் நல்லதென்பதற்காகப் பத்தை உண்ணலாகாது, இரண்டு போதும். காற்றுப் புகாத ரின்னில் இரண்டு, மூன்று வாரம் கெடாதிருக்கும்.

பயற்றம் பணியாரத்தில் உள்ளே இருப்பது அருமையான உணவு. கேடு செய்வது அதற்கு நாம் போர்த்தும் மாக்கரைசலும், அதைப் போடும் எண்ணெய்த் தாச்சியுமே. போர்வையை நீக்கிவிட்டால் பயற்றம் உருண்டை. தோலுள்ள பயறு 500 கிராமை வாசம் எழும்வரை வறுத்து மாவாக்கி அரித்துக்கொள்ளவும். தேங்காய்ப்பூ 100 கிராம் (இங்கு உலர்ந்த துருவலாகப் பைகளிற் கிடைப்பதே போதும்) பொன்னிறமாக எண்ணெயின்றி வறுபடவேண்டும். நற்சீரகம் இரண்டு தேக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, ஏலம் ஐந்தாறு. இவை மூன்றையும் புதிதாக இடித்துச் சேர்க்க வேண்டும். பைத்தூள் இதற்கு உதவாது. 200 கிராம் சர்க்கரையை ஒரு தேநீர்க் கோப்பை நீரிற் காய்ச்சி வடித்துச் சூட்டோடு மாவில் ஊற்றிக் கிளறி, உருட்டும் பதம் வரும்வரை வெந்நீர் தெளித்துக்கொள்ளவும். மிளகின் காரம் சர்க்கரைக் குறைவை மறைத்துவிடும். ஒரு குறையும் இதற்கு உண்டு: பொரித்த பணியாரம்போல் இது வாரக்கணக்கில் நில்லாது. குளிர்சாதனப் பெட்டியில் நான்கு, ஐந்து நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

மோதகமும் கொழுக்கட்டையும் ஆவியில் அவிப்பவை. சைவ வீடுகளிற் பெருங்கதைக்குச் செய்வதை நத்தாருக்கும் செய்வதில் எவருக்கும் தடையில்லை. வெள்ளை மாவுக்குப் பதிலாகச் சிவப்பரிசி மாவை வறுத்துக் குழையுங்கள். உள்ளீட்டிற் பயற்றைக் கூட்டிச் சர்க்கரையைக் குறையுங்கள்.

வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் கரோல் பாடி வரும் இளைஞருக்கும் எல்லாவற்றிலும் சிறந்தது அவித்த கடலை. ஓர் இரவு ஊறவைத்து அவித்த கடலை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிற் கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை, கீறிய தேங்காய்ச் சொட்டு சில. இதனை மலிவான பண்டம் என்று கருதி விருந்துக்கு வைக்கத் தயங்குவோர் உளர். குளிரில் நடந்து வந்தவருக்குச் சூடான கடலையும் இஞ்சித் தேநீரும் கொடுத்துப் பாருங்கள். மிக்சர்ப் பையை எவரும் தேடமாட்டார்.

பருத்தித்துறைத் தட்டை வடையைப் போறணையிற் சுடலாமா? சுடலாம், ஆனால் அது வடையாக இராது. வடையின் சுவையுள்ள மெல்லிய பிஸ்கற்றாக இருக்கும். பருத்தித்துறையார் மன்னிப்பார்களாக! ஊறிய உழுந்தை ஐந்து நிமிடம் அவித்து வடித்த பின்னரே மாவுடன் சேர்க்கவேண்டும். இல்லையேல் சூட்டிற் காய்ந்து கல்லாகி முதியோரின் பற்களைப் பதம் பார்த்துவிடும். 150 கிராம் உழுந்துக்குக் கடலை மா 150 கிராம், அரிசிமா 150 கிராம், மிளகாய்த் தூள், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, அளவாக உப்பு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். இறுக்கமாகப் பிசைந்து, இயன்றவரை மெல்லியதாகத் தட்டி, முள்ளுக்கரண்டியாற் குத்தி, 170 பாகையில் இருபது நிமிடம். பாதியில் ஒருமுறை புரட்டவேண்டும்.

பொரித்தே ஆகவேண்டியவை

முறுக்கைப் போறணையிற் சுடுவதற்குப் பல குறிப்புகள் உலவுகின்றன. அவற்றை நம்பவேண்டாம். சுட்ட முறுக்கு உலர்ந்த கயிறு. முறுக்கும் அச்சுப்பலகாரமும் சிப்பியும் எண்ணெய்க்கென்றே பிறந்தவை. அவற்றில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து, ஒரே ஒரு நாள், ஒரு சுண்டு மாவில் மட்டும் முறையாகப் பொரிப்பதே அறிவுடைமை. மூன்றையும் ரின் ரின்னாகப் பொரித்து வைத்துவிட்டுப் பின்னர் யாரும் உண்ணவேண்டாம் என்று காவல் காப்பதைவிட அது எளிது.

முறையாகப் பொரிப்பதென்றால் என்ன? எண்ணெயின் சூடு 170 முதல் 175 பாகைக்குள் இருக்கவேண்டும். சூடு குறைந்தால் பண்டம் எண்ணெயைக் குடிக்கும். சூடு மிஞ்சினால் வெளியே கருகி உள்ளே வேகாது. மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் நிறுத்தினால் அதனைச் சுற்றிச் சிறு குமிழிகள் எழவேண்டும், அதுவே பதம். சமையலறை வெப்பமானி ஒன்று பெரிய விலையில்லை. ஒரே நேரத்தில் தாச்சி நிறையப் போட்டால் சூடு இறங்கிவிடும்.

கருகிய பண்டத்தைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாப்பொருள் நிறைந்த உணவுகளை 120 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் வறுக்கும்போதும் பொரிக்கும்போதும் அக்றிலமைட் எனும் இரசாயனப் பொருள் தோன்றுகின்றதென 2002ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர் வெளிப்படுத்தினர். அது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது. நிறம் கறுக்கக் கறுக்க அது பெருகும். ஆகையால் முறுக்கும் பிஸ்கற்றும் பொன்னிறத்தைத் தாண்டக்கூடாது. "முறுகவிட்டால் நெடுநாள் இருக்கும்" என்ற பாட்டிமாரின் விதியை இவ்விடயத்தில் மட்டும் மீறலாம்.

எண்ணெயைப் பொறுத்தவரை இந்நாட்டில் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும் சுத்திகரித்த ராப்ஸ் எண்ணெய் பொரிப்பதற்கு ஏற்றது; தேங்காயெண்ணெயிற் பெரும்பகுதி நிறைகொழுப்பு. ஒருமுறை பொரித்த எண்ணெயை வடித்து இன்னொருமுறை பயன்படுத்தலாம். அதற்குமேல் வேண்டாம். கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைபடும். போத்தலில் அடைத்துக் குப்பையிற் போடவும். எண்ணெய் தீப்பற்றினால் ஒருபோதும் நீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்துத் தாச்சியை மூடியால் மூடிவிடுங்கள். மாடிக் குடியிருப்புகளில் வாழும் எமக்கு இது நினைவிலிருக்க வேண்டிய செய்தி.

கறுவாவும் கேக்கும்

நத்தார் என்றாற் கறுவா மணம். ஜேர்மனியரின் நத்தார்ப் பண்டங்களிலும் எங்கள் நத்தார்க் கேக்கிலும் அது இருக்கும். ஆனால் கறுவா என்ற பெயரில் இரு வகை விற்பனையாகின்றன. மலிவான தூள்களிற் பெரும்பாலானவை கசியா எனும் இனம். அதில் கூமரின் என்ற பொருள் மிகுதி. அளவு மிஞ்சினால் ஈரலைப் பாதிக்கக்கூடியது. ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2006ஆம் ஆண்டில், நத்தாரை ஒட்டி, சிறு பிள்ளைகள் கறுவா பிஸ்கற்றுகளை அளவுக்கு மிஞ்சி உண்பதையிட்டு எச்சரித்தது. பின்னர் 2008ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய பருவகாலப் பண்டங்களிற் கூமரின் கிலோவுக்கு 50 மில்லிகிராமை விஞ்சலாகாதென விதித்தது. இலங்கைக் கறுவாவிலோ கூமரின் மிகச் சொற்பம். இனங்காண்பது எளிது. கசியாப் பட்டை தடித்த ஒற்றைச் சுருள். எங்கள் கறுவா, மெல்லிய பட்டைகள் பல ஒன்றனுள் ஒன்றாய்ச் சுருண்டு சுருட்டுப்போல இருக்கும். தூளாக்கிய பின்னர் பார்வையால் அறிய இயலாது. ஆதலாற் பட்டையாக வாங்கி வீட்டில் இடிப்பதே மேல். 2022ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் வழங்கியுள்ளது. எங்கள் தீவிலிருந்து வந்த பொருள்களில் ஒன்றாவது இந்நாட்டில் முழு ஆவணங்களோடு வாழ்கிறது!

இனிக் கேக். ரவை, வெண்ணெய், முட்டை மஞ்சட்கரு ஒரு டசினுக்கு மேல், சீனி, சீனிப்பாகில் ஊறிய பூசணி, செரி, இஞ்சி, சௌசௌ, கஜு, பிராந்தி என்று எங்கள் நத்தார்க் கேக் போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் ஒருங்கே நினைவூட்டுவது. அதன் செழுமையே அதன் ஆபத்து. பழங்களே சீனியில் ஊறியவையாயிருக்க, மாவுக்கும் மேலாகச் சீனியைக் கொட்டுவது ஏனோ விளங்கவில்லை.

பின்வரும் அளவு ஒரு சாதாரண குடும்பத்துக்கும் நான்கு அயல் வீடுகளுக்கும் போதும். பேரீச்சம்பழம் 250 கிராம், பிளம்ஸ் 200 கிராம், உலர்ந்த அப்றிக்கோஸ் 100 கிராம் ஆகியவற்றைப் பொடியாக வெட்டி, இரண்டு தோடம்பழச் சாற்றில் ஓர் இரவு ஊறவிடவும். பிராந்தி தேவையில்லை, பிள்ளைகளும் குளிசை எடுப்போரும் உண்ணும் பண்டமிது. தோடம்பழத் தோலைத் துருவிச் சேர்ப்பதானால் தோலுக்கு மருந்து தெளிக்காத பழமெனக் குறிக்கப்பட்டதை வாங்கவேண்டும். ரவை 200 கிராமை வறுத்து ஆறவிட்டு, 150 கிராம் வெண்ணெயிற் பிசறி வைக்கவும். 150 கிராம் சீனியையும் ஐந்து முட்டையையும் நுரைக்க அடித்து, வெண்ணெய் ரவை, ஊறிய பழம், நறுக்கிய கஜு 150 கிராம், துருவிய பச்சை இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, கறுவா, ஏலம், சாதிக்காய், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் ஆகியவற்றைச் சேர்க்கவும். தாள் விரித்த தட்டில் 150 பாகையில் ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம். ஈர்க்கைக் குத்தி இழுத்தால் ஒட்டாமல் வரவேண்டும். வெண்ணெய்க்குப் பதில் மாஜரின் போடுவோர் பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்கட்டும். கேடான மாறுகொழுப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2021ஆம் ஆண்டு சித்திரையிலிருந்து கட்டுப்பாடு விதித்திருப்பினும், வெண்ணெயைக் குறைத்துப் போடுவதே நாவுக்கும் நல்லது.

இதனை நாற்பது துண்டாக வெட்டி, ஊரிற் செய்வதுபோல ஒவ்வொன்றையும் எண்ணெய்த் தாளிற் சுற்றுங்கள். தாளிற் சுற்றிய சிறு துண்டு ஓர் அளவுகோல். வெட்டாத கேக்குக்கு அளவில்லை. பழத்தின் சீனியும் சேர்ந்து ஒரு துண்டில் ஏறத்தாழ 12 கிராம் சீனி இருக்கும். பேரீச்சம்பழம் மருந்தன்று, நீரிழிவுக்காரருக்கு ஒரு துண்டு, அதுவும் சாப்பாட்டின் பின் சோற்றைக் குறைத்துக்கொண்டு.

இந்நாட்டாரிடமிருந்து நாம் கற்கக்கூடிய ஒன்றையும் சொல்லவேண்டும். அப்பிளின் நடுவைக் குடைந்து, நறுக்கிய அக்றோட்டும் சிறிது பிளம்ஸும் கறுவாவும் திணித்துப் போறணையில் வேகவைக்கிறார்கள். சீனியே வேண்டியதில்லை. அரை மணித்தியால வேலை.

யார் செய்வது?

ஊரில் நத்தார்ப் பலகாரம் பெண்கள் பலர் கூடிச் செய்த வேலை. மாமி மா அரிப்பார், சின்னம்மா பாகு பார்ப்பார், அயல்வீட்டு அக்கா உரலோடு வருவார். இங்கோ மாலைவேலை முடித்துப் பத்து மணிக்கு வீடு வரும் ஒரு தாய் தனியே நின்று செய்யவேண்டியுள்ளது. கடைப் பைகள் வீட்டுக்குள் வந்ததன் காரணம் சோம்பலென்று எவரும் பழி கூறலாகாது. ஆனால் வீட்டிலிருக்கும் ஏனைய கைகள் என்ன செய்கின்றன? எள் வறுப்பதற்கும் பயறு அரைப்பதற்கும் ஆண்களின் கைகளுக்கு வலிமை உண்டு. பிள்ளைகளோ பாலர் பாடசாலையிலேயே திருவருகைக் காலத்திற் பிளெற்சன் சுடக் கற்றுக்கொள்கின்றனர். நட்சத்திர அச்சால் மா வெட்டும் விரல்களுக்கு எள் உருட்டத் தெரியாதா? உருட்டும்போது "இது எதற்கு, அது எங்கே விளைந்தது" என்று அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழில் விடை சொல்லுங்கள். உழுந்து, பயறு, சுளகு, உரல் என்ற சொற்கள் புத்தகத்தில் ஏறுவதைவிட அங்கே விரைவாக ஏறும்.

சிறு பிள்ளைகளைப் பற்றி இரு எச்சரிக்கைகள். நான்கு, ஐந்து வயதுக்குட்பட்டோருக்குக் கச்சானையோ கஜுவையோ முழுப் பருப்பாகக் கொடுக்கவேண்டாம், மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். அடுத்து, பாடசாலைக்கோ அயலுக்கோ பலகாரம் அனுப்பும்போது அதில் எள், கச்சான், கஜு, முட்டை, கோதுமை எவை உண்டென ஒரு துண்டில் ஜேர்மன் மொழியில் எழுதி வைக்கவேண்டும். எமக்கு எள் சாதாரண பொருள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு உயிராபத்து.

அயலுக்கு அனுப்பும் தட்டைப் பற்றியும் ஒரு சொல். ஜேர்மனிய வீடுகளில் நத்தாரன்று அப்பிள், மந்தரீன் தோடை, அக்றோட், பிஸ்கற் யாவும் கலந்த வண்ணத் தட்டொன்று வைக்கும் வழக்கமுண்டு. எங்கள் தட்டையும் அவ்வாறே அமைக்கலாம். இரண்டு மந்தரீன், உடைக்காத அக்றோட் சில, எள்ளுருண்டை இரண்டு, தாளிற் சுற்றிய கேக் ஒரு துண்டு, முறுக்கு மூன்று. தட்டு நிறைந்திருக்கும், சீனி நிறைந்திராது.

வேலையை நாட்களாகப் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கும் முதுகு முறியாது. கேக்கை 10ஆம் திகதியளவிற் சுட்டுவிடலாம். தாளிற் சுற்றி ரின்னில் வைத்தால் நாள் செல்லச் செல்லச் சுவை கூடும். எள்ளுருண்டையும் தட்டைப் பிஸ்கற்றும் அதற்கடுத்த வார இறுதியில், பிள்ளைகள் வீட்டில் நிற்கும்போது. முறுக்கை 21, 22ஆம் திகதிகளில் ஒருநாள், யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு. பயற்றம் உருண்டை 23இல். கடலையை 23 இரவே ஊறப்போட்டுவிடவேண்டும். மோதகத்தை மட்டும் 24ஆம் திகதி மாலையில், பூசைக்குப் புறப்படுமுன் அவித்துக்கொள்ளலாம்.